பையிலிருந்து படம் வரை

2025 செப்டம்பரில் கேனான் நிறுவனம் ஒரு கேமராவை அறிமுகம் செய்தது. அது புதிய கேமரா அல்ல. 2016இல் வந்த இக்சஸ் 285 என்ற சின்னக் கேமராவுக்கே, பெயரின் கடைசியில் 'ஏ' என்ற எழுத்தைச் சேர்த்து மறுபடி கடைக்கு அனுப்பியிருந்தார்கள். அதே 20 மெகாபிக்சல், அதே 12 மடங்கு ஜூம், அதே உடம்பு. எஸ்டி கார்டு போட்ட இடத்தில் மைக்ரோ எஸ்டி கார்டு போட வேண்டும் என்பதுதான் கண்ணில் படும் பெரிய மாற்றம். அமெரிக்காவில் 'எல்ஃப் 360' என்ற பெயரில் விற்கப்படும் இந்த மாடலின் விலை 2016இல் 210 டாலர். ஒன்பது வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது 380 டாலர்.

மின்னணுப் பொருள்களின் உலகில் இது அபூர்வம். ஒன்பது வயதான செல்போனை அதே வடிவில் மறுபடி தயாரித்துக் கூடுதல் விலைக்கு விற்க எந்த நிறுவனமும் துணியாது. கேனான் துணிந்ததற்குக் காரணம், இந்தக் கேமராவின் பழைய பிரதிகளை இளைஞர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கியதுதான். 20 வயதுக்காரர்கள் தங்கள் வயதையொத்த டிஜிட்டல் கேமராக்களைத் தேடிப்போவதைப் பற்றி 2023 ஜனவரியிலேயே நியூயார்க் டைம்ஸ் எழுதிவிட்டது. அக்காவின் அலமாரியில், அப்பாவின் மேசை இழுப்பறையில் கிடந்த கேமராக்கள் வெளியே வந்தன. அவை தீர்ந்ததும் பழைய பொருள் சந்தை சூடு பிடித்தது.

இந்த அலையை வெறும் மோகம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் எண்களைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபாவின் கணக்குப்படி 2010இல் உலகச் சந்தைக்குப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். அதில் கிட்டத்தட்ட 11 கோடி, லென்ஸ் கழற்ற முடியாத கையடக்கக் கேமராக்கள். அதே கையடக்கக் கேமராக்கள் 2023இல் 17 லட்சம் மட்டுமே. நூறு விற்ற இடத்தில் இரண்டுகூட விற்கவில்லை. இடையில் நடந்தது எல்லோருக்கும் தெரியும்: செல்போன். கோடக் 2012இல் திவாலாகி டிஜிட்டல் கேமராவைக் கைவிட்டது. கேசியோ 2018இல் கடையைக் கட்டியது. ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவையே 2021 தொடக்கத்தில் கைமாற்றிவிட்டது. அப்படித் தரை தொட்ட தொழில், 2024இல் 19 லட்சத்தை நெருங்கியது. ஏற்றம் சின்னதுதான். ஆனால் பத்து வருடத்துக்கும் மேலாகக் கீழே மட்டுமே போய்க்கொண்டிருந்த கோடு அது.

ஆகவே இன்று ஒருவர் கடைக்குப் போய், 'தினமும் கையில் வைத்துக்கொள்ள ஒரு அழகான சின்னக் கேமரா வேண்டும்' என்று கேட்டால், அதற்கு மறுபடி பதில் இருக்கிறது. பல பதில்கள் இருக்கின்றன என்பதுதான் சிக்கல். விலை 30 டாலரிலிருந்து ஆயிரம் டாலருக்கும் மேலே ஓடுகிறது. எல்லாமே அழகாக இருக்கின்றன. எல்லாமே தினசரி கேமரா என்றுதான் சொல்லிக்கொள்கின்றன.

மூடியைத் தள்ளினால் போதும்

இந்தக் கேள்வியை ஒரு கேமரா வடிவமைப்பாளர் ஐம்பது வருடத்துக்கு முன்பே கையில் எடுத்தார். அவர் பெயர் யோஷிஹிசா மைத்தானி. 1956இல் ஒலிம்பஸில் சேர்ந்தவர். 1959இல் அவர் உருவாக்கிய 'பென்' கேமரா, ஒரு ஃபிலிம் சட்டத்தை இரண்டாகப் பிரித்து, 36 படம் எடுக்கும் ரோலில் 72 படம் எடுக்கவைத்தது. ஜப்பானில் அதன் விலை 6,000 யென் அளவில் இருந்தது. எழுதும் பேனாவைப் போல எங்கும் எடுத்துப்போகும் கேமரா என்பதுதான் பெயரிலேயே இருந்த எண்ணம்.

1970களில் மைத்தானி இன்னொன்றைக் கவனித்தார். நல்ல படத்துக்கான தருணம் வரும்போது மனிதர்களின் கையில் கேமரா இருப்பதில்லை. வீட்டில் இருக்கிறது. அல்லது தோல் உறைக்குள், லென்ஸுக்கு மூடி போட்டபடி இருக்கிறது. உறையைத் திறந்து, மூடியைக் கழற்றி, மூடியை எங்கே வைப்பது என்று தேடுவதற்குள் தருணம் போய்விடுகிறது. 1979இல் அவர் கொண்டுவந்த 'எக்ஸ்ஏ'வில் உறையும் கிடையாது, தனி மூடியும் கிடையாது. கேமராவின் முன்பக்கத்தில் வழுவழுப்பான ஒரு கதவு. விரலால் பக்கவாட்டில் தள்ளினால் லென்ஸ் வெளிப்படும், கேமரா தயாராகிவிடும். திருப்பித் தள்ளினால் எல்லாம் மூடிக்கொள்ளும்; எந்த விளிம்பும் துருத்தாமல் சட்டைப்பைக்குள் வழுக்கிப் போகும். எடை 225 கிராம். ஜப்பானின் 'குட் டிசைன்' விருதுகளில் தலையாய விருது 1981இல் இந்தக் கேமராவுக்குப் போனது.

அந்தக் கதவுதான் எக்ஸ்ஏவின் அழகு. அதன் பயனும் அதே கதவுதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. கையடக்கக் கேமராவில் அழகு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. கேமரா பையில் இருக்கும் நிலைக்கும் படம் விழும் நிலைக்கும் இடையில் எத்தனை வேலை இருக்கிறது? எந்தக் கேமராவில் அது குறைவோ, அதுதான் தினமும் வெளியே வரும். நிறம், தோல் உறை, உலோகப் பளபளப்பு எல்லாம் அதற்கு அடுத்துத்தான். ஆனால் அவையும் வீண் இல்லை. கையில் எடுக்கப் பிடித்திருக்கும் பொருளைத்தான் மனிதர்கள் எடுத்துப்போகிறார்கள்.

டிஜிட்டல் காலத்தின் முதல் அழகான சின்னக் கேமராக்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தன. 2000இல் வந்த கேனானின் டிஜிட்டல் இக்சஸ், ஒரு செவ்வகப் பெட்டியும் அதில் ஒரு வட்டமும் மட்டுமே கொண்ட உலோக உடம்பு. 190 கிராம், 2 மெகாபிக்சல். இன்று கேலியாகத் தெரியும் அந்த 2 மெகாபிக்சல், அஞ்சலட்டை அளவில் படம் அச்சிட ஏறக்குறையப் போதுமானது. 2002இல் கேசியோவின் எக்ஸிலிம் எஸ்1 வந்தது. தடிமன் 11.3 மில்லிமீட்டர். ஜூம் இல்லை, ஃபோகஸ்கூட நிலையானது. சட்டைப்பையில் வைத்தால் இருப்பதே தெரியாது. அதே ஆண்டில் மினோல்டா, ஒளியைக் கேமராவுக்குள்ளேயே பட்டகத்தால் 90 டிகிரி மடக்கி, வெளியே நீளாத ஜூம் லென்ஸைச் செய்துகாட்டியது. மறு வருடம் சோனியின் சைபர்ஷாட் டி1 அந்த மடக்கு லென்ஸுக்கு முன்னால் ஒரு தள்ளு கதவை வைத்தது. மைத்தானியின் கதவு, டிஜிட்டலில்.

இந்தியாவில் பிரியங்கா சோப்ரா நிக்கான் கூல்பிக்ஸ் விளம்பரங்களில் வந்த காலம் இதற்குச் சில வருடம் பிந்தியது. கல்லூரிச் சுற்றுலாவில் கூட்டத்துக்கு ஒரு கேமரா இருந்த காலம். கைப்பட்டையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்ட ஒருவர்தான் அன்றைய படக்காரர். திரும்பி வந்ததும் எல்லாப் படமும் அவருடைய கணினியிலிருந்து பென்டிரைவில் பிரிந்து போகும். இன்று 20 வயதில் இருப்பவர்கள் தேடுவது, அவர்கள் குழந்தையாக இருந்தபோது எடுக்கப்பட்ட அந்தப் படங்களின் தோற்றத்தைத்தான்.

அந்தத் தோற்றம் எங்கிருந்து வருகிறது?

பழைய கேமராக்களில் 'சிசிடி' என்ற வகை சென்சார் இருந்தது, அதனால்தான் அந்த நிறம் என்று விற்பவர்கள் சொல்வார்கள். பழைய கேமரா ஒன்றுக்குக் கூடுதல் விலை சொல்வதற்கு இந்த ஒரு சொல்லே போதும் என்று ஆகிவிட்டது. அது பாதி உண்மைகூட இல்லை. சிசிடி ஆனாலும் இப்போதைய சிமாஸ் ஆனாலும், சென்சார் ஒளியை மின்சாரமாக மாற்றித் தருகிறது. நிறத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருக்கும் செயலியும், அந்த நிறுவனம் அன்று வைத்திருந்த நிறக் கணக்கும், முன்னால் இருக்கும் லென்ஸும். விருந்துப் படங்களில் எல்லாவற்றுக்கும் மேலாக ஃபிளாஷ்.

சின்னக் கேமராவின் ஃபிளாஷ், செனான் வாயு அடைத்த ஒரு கண்ணாடிக் குழாய். மின்தேக்கியில் சேர்த்துவைத்த மின்சாரத்தை ஒரே நொடியில், இல்லை, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கொட்டிவிடும். நடனமாடுபவரின் கை, காற்றில் பறக்கும் கூந்தல், தெறிக்கும் தண்ணீர் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் முகத்தில் நேராக அடிக்கும். பின்சுவரில் கூர்மையான நிழல் விழும். மூன்று நான்கு மீட்டருக்கு அப்பால் எல்லாம் இருட்டாகிவிடும். முன்னால் நிற்பவர்கள் மட்டும் பளிச்சென்று தெரிவார்கள்.

செல்போனில் இருப்பது எல்இடி விளக்கு. டார்ச் லைட் வேலைக்கும் அதுதான், படம் எடுக்கவும் அதுதான். செனான் வீச்சில் ஒரு சிறு பகுதிகூட அதற்குக் கிடையாது. அதனால் போன் வேறு வழியில் போகிறது. அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இருட்டை வெளுக்கவைத்து, முகத்தின் சொரசொரப்பைச் சமன் செய்து ஒரே படமாகத் தருகிறது. அது பெரிய தொழில்நுட்பச் சாதனை. ஆனால் நள்ளிரவும் மாலை நேரம் போலத் தெரியும் படங்களைப் பத்து வருடம் பார்த்தவர்களுக்கு, இரவு இரவாகவே விழுந்த ஒரு படம் புதுமையாகத்தான் இருக்கும். இந்த அலையின் வேர் இங்கே இருக்கிறது. ஏக்கம் ஒரு பகுதி, ஃபிளாஷ் பெரும்பகுதி.

வாங்குபவர் முதலில் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியதும் இதுதான். ஃபிளாஷ் அடித்த அந்தத் தோற்றம் வேண்டுமா? வேண்டுமென்றால் சென்சார் அளவைப் பற்றிக் கவலையே வேண்டாம். மிகச் சின்ன சென்சாரும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் நன்றாகவே எடுக்கும். ஃபிளாஷ் இல்லாமல், மாலை வெளிச்சத்தில், வீட்டுக் குழல்விளக்கில், மழைத்தெருவில் எடுக்க வேண்டுமென்றால் கதை தலைகீழ்.

ஒளி வாங்கும் பரப்பு

இக்சஸ் 285 போன்ற கேமராக்களின் சென்சார் சுமார் 6 மில்லிமீட்டர் அகலம், நாலரை மில்லிமீட்டர் உயரம். சோனி ஆர்எக்ஸ்100, கேனான் ஜி7 எக்ஸ் வரிசைகளில் '1 அங்குல' சென்சார் என்று எழுதியிருக்கும், அளந்தால் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர். பரப்பில் முந்தையதைப் போல நான்கு மடங்கு. ரிக்கோ ஜிஆர், ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசைகளில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் இன்னும் மூன்று மடங்கு பெரியது.

இதை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துப் பார்க்கலாம். இக்சஸின் லென்ஸ், ஜூம் செய்யாத நிலையில் எஃப் 3.6 அளவுக்குத் திறக்கும். ஜி7 எக்ஸ் மார்க் 3இன் லென்ஸ் எஃப் 1.8 வரை திறக்கும். அதில் மட்டும் நான்கு மடங்கு வெளிச்சம் கூடுதல். சென்சார் பரப்பு நான்கு மடங்கு. இரண்டையும் பெருக்கினால் பதினாறு மடங்கு. ஒன்றில் புள்ளி புள்ளியாகக் கலங்கிப்போகும் காட்சி இன்னொன்றில் தெளிவாக விழுவதற்கு இந்தப் பதினாறுதான் காரணம். மணமேடையை எட்டிப் பிடிக்க இக்சஸின் 12 மடங்கு ஜூமை நம்பினால் நிலைமை இன்னும் மோசம். முழு ஜூமில் அதன் லென்ஸ் எஃப் 7 வரைதான் திறக்கும். பெட்டிமேல் பெரிதாக அச்சடித்த ஜூம் எண், நல்ல வெயிலில் மட்டும் பயன்படும் எண்.

அப்படியானால் பெரிய சென்சாரையே வாங்கிவிடலாமே? அங்கேதான் தடிமன் குறுக்கே வருகிறது. பெரிய சென்சாருக்குப் பெரிய லென்ஸ் வேண்டும். இக்சஸ் 285இன் தடிமன் 22.8 மில்லிமீட்டர். ஆர்எக்ஸ்100இன் ஏழாம் மாடல் 42.8. ஃபியூஜியின் எக்ஸ்100 வரிசையில் ஆறாவதாக 2024இல் வந்த மாடல் 55.3. முதலாவது சட்டைப்பையில் போகும். இரண்டாவது பேன்ட் பையில் புடைத்துக்கொண்டு போகும். மூன்றாவதற்குத் தோளிலோ பையிலோதான் இடம்.

இந்தப் பட்டியலைக் கலைத்துப்போடும் கேமரா ஒன்று இருக்கிறது. ரிக்கோ ஜிஆர் 3. சென்சார் ஏபிஎஸ்-சி, தடிமனோ 33.2 மில்லிமீட்டர், பேட்டரியோடு 257 கிராம். ஜூமை முழுக்க விட்டுவிட்டு, 28 மில்லிமீட்டர் பார்வைக் கோணம் தரும் ஒரே லென்ஸை, அணைத்ததும் உள்ளே மடங்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். அதனால்தான் இந்த அளவு சாத்தியமானது.

கறுப்புப் பெட்டி

ஜிஆரை முதன்முதலில் பார்ப்பவர்கள் இதில் என்ன அழகு என்று கேட்பார்கள். மங்கலான கறுப்பு, வெள்ளி விளிம்பு கிடையாது, திருகுகள் நிறைய இல்லை. ஆனால் வலது கையால் எடுத்துப் பார்த்தால் விஷயம் புரியும். பிடி உள்ளங்கைக்குச் சரியாக அமைகிறது. எல்லாப் பொத்தானும் ஒரே கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் எட்டுகின்றன. இடது கையில் குடையோ குழந்தையோ இருந்தாலும் படம் எடுக்கலாம். பொத்தானை அழுத்தினால் ஒரு நொடிக்குள் தயார்.

அதில் 'ஸ்நாப் ஃபோகஸ்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு மீட்டர், ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று தூரத்தை முன்கூட்டியே வைத்துவிடலாம். ஷட்டரை ஒரே அழுத்தாக முழுவதும் அழுத்தினால் கேமரா ஃபோகஸ் தேடிக்கொண்டிருக்காமல் அந்தத் தூரத்தில் உடனே படம் எடுத்துவிடும். தெருவில் எதிரே வரும் ஒருவர் இரண்டு மீட்டரில் வரும்போது அழுத்தினால் போதும். பையிலிருந்து படம் வரையிலான வேலையில் இன்னொன்றும் குறைகிறது.

ஜப்பானின் தெருப் புகைப்படக் கலைஞர் டைடோ மொரியாமா ரிக்கோ ஜிஆர் வரிசையை நெடுங்காலம் பயன்படுத்தியவர். 1938இல் பிறந்தவர், 2019இல் ஹாசல்பிளாட் விருது பெற்றவர். டோக்கியோவின் ஷின்ஜுகு தெருக்களில் அவர் சுற்றித் திரிந்து எடுத்த படங்களுக்குப் பெரிய கேமரா தேவைப்படவில்லை. சின்னக் கேமரா எதிரில் இருப்பவரை விறைக்கவைப்பதில்லை. மேக்னம் என்ற புகைப்படக் கலைஞர்கள் அமைப்பைச் சேர்ந்த அலெக்ஸ் மயோலி, 2003இல் காங்கோவிலும் ஈராக்கிலும் ஒலிம்பஸ் சி-5050 என்ற கையடக்கக் கேமராக்களைக் கொண்டு படமெடுத்ததற்கும் அப்படி ஒரு காரணம் உண்டு. தொழில்முறைக் கேமராவைத் தூக்கினால் பத்திரிகைக்காரர். சின்னக் கேமராவைத் தூக்கினால் யாரோ ஒருவர். வீட்டு விசேஷங்களிலும் இது உண்மை. பெரிய லென்ஸைக் கண்டதும் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். கையடக்கக் கேமரா என்றால் அவர் பேச்சைத் தொடர்ந்துகொண்டிருப்பார்.

ஜிஆருக்குக் குறைகளும் உண்டு, அவை சின்னவை அல்ல. ஜிஆர் 3இல் ஃபிளாஷ் இல்லை. முந்தைய மாடலில் இருந்ததை எடுத்துவிட்டார்கள். பேட்டரி ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம்தான். தூசுக்கும் தண்ணீருக்கும் தடுப்பு கிடையாது. லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும்போதெல்லாம் தூசு உள்ளே போய் சென்சாரில் ஒட்டிக்கொள்வது இந்த வரிசையின் நீண்ட காலக் குறைபாடு. 2025இல் வந்த ஜிஆர் 4, 53 ஜிபி உள்நினைவகத்தோடு வந்தது. கார்டை மறந்துவிட்டுப் போனாலும் நாள் வீணாகாது. ஆனால் 2019இல் 900 டாலராக இருந்த அறிமுக விலை 1,500 டாலராகிவிட்டது. ஃபிளாஷ் நான்காவதிலும் இல்லை. விருந்துப் படங்களுக்காக ஜிஆரைத் தேடுபவர் தவறான கடையில் நிற்கிறார்.

அழகுக்கு என்றே பெயர் வாங்கியது ஃபியூஜியின் எக்ஸ்100. 2011இல் முதல் மாடல் விற்பனைக்கு வந்தது. ஷட்டர் வேகத்துக்கு மேலே ஒரு திருகு, லென்ஸைச் சுற்றி ஒரு வளையம், கண்ணை வைத்துப் பார்க்கும் கண்ணாடித் துவாரம். பழைய ஃபிலிம் கேமராவின் உடம்பு. டிக்டாக்கில் இது பரவியபின் 2020இல் வந்த ஐந்தாம் மாடலுக்குக் கடைகளில் இருப்பே இல்லாமல் போனது. பழையது புதியதைவிட அதிக விலைக்குக் கைமாறியது. 2024இல் வந்த ஆறாம் மாடல் 40 மெகாபிக்சல், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் சென்சார், அறிமுக விலை 1,599 டாலர். அதற்கும் மாதக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல் இருந்தது. கிளாசிக் குரோம், அக்ரோஸ் போன்ற ஃபியூஜியின் நிற அமைப்புகளில் படம் கேமராவிலிருந்தே முடிந்த நிலையில் வந்துவிடும்; கணினியில் உட்கார வேண்டிய வேலை இல்லை. எடை 521 கிராம். தோளில் மாட்டிக்கொண்டு நடப்பவர்களுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் கேமரா குறைவு. பையில் போட்டுக்கொள்ள நினைப்பவர்கள் இரண்டாம் வாரத்திலிருந்து வீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள்.

அதே ஃபியூஜி 2025இல் 'எக்ஸ் ஹாஃப்' என்ற 240 கிராம் கேமராவைக் கொண்டுவந்தது. மைத்தானியின் பென் கேமராவைப் போலச் சட்டத்தைப் பாதியாக்கும் எண்ணம். சென்சாரே நின்ற வாக்கில் இருக்கிறது. கட்டைவிரலால் ஒரு நெம்பியை இழுத்தால் இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்துவிடும். 36, 54 அல்லது 72 படம் எடுத்து முடியும்வரை எதையும் பார்க்க முடியாத ஒரு ஃபிலிம் அமைப்பும் உண்டு. வடிவமைப்பில் உண்மையான குதூகலம் இருக்கிறது. ஆனால் இதை வாங்க வருபவர்கள் மிகவும் விரும்பும் பொருளான செனான் ஃபிளாஷ் இதில் இல்லை. எல்இடி விளக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். 850 டாலருக்கு அறிமுகமான கேமராவில் இது பெரிய குறை. கோடக் என்ற பெயரை மட்டும் தாங்கி 30 டாலருக்கு விற்கும் சார்மேராவில் எல்இடி இருந்தால் கேட்க மாட்டோம். சாவிக்கொத்தில் தொங்கும் 1.6 மெகாபிக்சல் பொம்மை அது, தன்னைப் பற்றி வேறெதுவும் சொல்லிக்கொள்வதும் இல்லை.

ஒரே கேமராவில் ஜூமும் ஃபிளாஷும் வீடியோவும் வேண்டும் என்பவர்களுக்கு 1 அங்குல சென்சார்தான் சமரசம். 2012இல் வந்த முதல் ஆர்எக்ஸ்100, டைம் இதழின் அவ்வாண்டுக் கண்டுபிடிப்புப் பட்டியலில் இடம்பிடித்தது. வழுவழுப்பான அலுமினிய உடம்பு பார்க்க அழகு, பிடிக்க வழுக்கும். ஒட்டிக்கொள்ளும் பிடியைத் தனியாக வாங்கி ஒட்டியே ஆக வேண்டும். ஏழாம் மாடல் 200 மில்லிமீட்டர் வரை எட்டிப்பார்க்கும். ஜி7 எக்ஸ் மார்க் 3, மைக் செருகும் வசதியோடு வந்ததால் வீடியோக்காரர்களின் கேமராவாகியது. இரண்டும் 2019இல் வந்தவை. இரண்டுக்கும் இன்றும் கிராக்கி.

பழையது வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பட்ஜெட் குறைவு என்றால் பழைய சந்தைதான். அங்கே ஏமாறுவதற்கும் நிறைய வழி இருக்கிறது.

2005இல் ஒரு விவகாரம் வெடித்தது. 2002 முதல் 2004 வரை செய்யப்பட்ட பல கேமராக்களில், சோனி தயாரித்துக் கொடுத்த சிசிடி சென்சார்கள் பழுதாகத் தொடங்கின. சூடும் ஈரப்பதமும் சென்சாரின் உள் இணைப்புகளைக் கெடுத்தன. படம் ஊதா நிறமாகவோ கோணல்மாணலாகவோ வந்தது, சிலவற்றில் வரவே இல்லை. சோனி, கேனான், நிக்கான், ஃபியூஜி எனப் பல நிறுவனங்கள் தங்கள் மாடல்களை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. அந்தச் சலுகைகளின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. சூடும் ஈரமும்தான் காரணம் என்பதால் சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் அந்த வருடங்களின் கேமராவை நேரில் எடுத்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

அடுத்தது கார்டு. 2006க்கு முந்தைய கேமராக்கள் பலவற்றில் 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டு வேலை செய்யாது. பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி கேமராக்களுக்கு எக்ஸ்டி கார்டு, சோனிக்கு மெமரி ஸ்டிக். இவை இன்று கடையில் கிடைப்பது கஷ்டம்; கேமராவோடு கார்டும் சேர்த்துக் கொடுத்தால் மட்டும் வாங்கலாம். பேட்டரியும் அப்படித்தான். கேமராவின் பெயரைவிட பேட்டரியின் பெயரைக் குறித்துக்கொண்டு போவது நல்லது. ஆர்எக்ஸ்100 வரிசை முழுக்க என்பி-பிஎக்ஸ்1 என்ற ஒரே பேட்டரியில் ஓடியதால் 2012 மாடலுக்குக்கூட இன்றும் பேட்டரி கிடைக்கிறது. விலை விழுந்த அந்த முதல் மாடல், பழைய சந்தையில் கொடுக்கும் காசுக்கு மிக நல்ல கேமரா.

கையில் வாங்கியதும் செய்ய வேண்டியது ஒன்று. திறப்பைக் குறைக்க முடிகிற கேமராவில் எஃப் 11, 16 என்று வைத்து, வெள்ளைச் சுவரை ஒரு படம். பெரிதாக்கிப் பார்த்தால் சென்சார் தூசு கரும்புள்ளிகளாகத் தெரியும். பிறகு லென்ஸை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். சிலந்தி நூல் போல மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. விலையைக் குறைத்தாலும் வேண்டாம். கேமராவை மூன்று நான்கு முறை போட்டு அணைக்கும்போது லென்ஸ் முனகினாலோ தயங்கினாலோ உள்ளே மணல் இருக்கிறது. நீளும் லென்ஸுக்குக் கடற்கரை மணலைப் போல எதிரி வேறு இல்லை. மெரினாவுக்கும் குற்றாலத்துக்கும் அடிக்கடி போகிறவர்கள் அழகைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஓஎம் சிஸ்டத்தின் டஃப் டிஜி-7 பக்கம் போகலாம். லென்ஸ் வெளியே நீளாது. 15 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது.

வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி வாங்குபவர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜப்பானில் விற்கும் சோனி கேமராக்கள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எந்தக் கேமரா ஆனாலும், கேமராவின் வைஃபை ஆப்பை நம்புவதைவிட போனில் நேராகச் செருகும் டைப்-சி கார்டு ரீடர் ஒன்றைச் சேர்த்து வாங்கிவிடுவது உத்தமம். படங்கள் போனுக்கு வராமல் கார்டிலேயே தங்கிவிட்டால், சில வாரங்களில் கேமராவும் அலமாரிக்குப் போய்விடும். ஈரமான ஊர்களில் அலமாரிக்குப் பதிலாக, மூடி இறுகும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் சிலிகா ஜெல் பொட்டலங்களும் போதும். தினமும் பயன்படுத்துபவருக்கு அந்த டப்பாகூட ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும்தான் தேவைப்படும்.